மாமாவின் முதலெழுத்து

மகன்,

தொலைபேசியில் என்றால் சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் தொடங்குவேன். நீயும் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் "ஆமாம்மா" என்பாய். இன்றைக்கு அந்தக் கேள்வி வேண்டாம். நான் சொல்லப்போவதைத் தொலைபேசியில் சொன்னால் இரண்டாவது வசனத்திலேயே குறுக்கே புகுந்து விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவாய். உன் அப்பாவின் குணம் அது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் குணம் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. அதனால்தான் நீ விட்டுப்போன பழைய மடிக்கணினியில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருக்கிறேன். முழுவதையும் வாசி. வாசித்த பிறகு உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் வாசித்துக் காட்டு, எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் திங்கட்கிழமைக்கு முன்னால் வாசி.

போன வாரம் நீ பேசியபோது உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. "அம்மா, கண்டியில ஸ்கூல்களும் எங்களோட சேர்ந்துட்டாங்க. வர்ற திங்கக்கெழமையில இருந்து ஸ்கூல் வேன் ஓட்டுற எல்லாரோட பேரும் நம்ம பேட்டர்ன்லதான் ஓடப்போகுது" என்றாய். நாம் இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்து எழுதிய அந்த வாய்பாட்டைத்தான் நம்ம பேட்டர்ன் என்றாய். நான் "பெரிய ஆளாயிட்டே போ" என்று சொல்லிச் சிரித்தேன். போனை வைத்த பிறகு பால் பொங்கி அடுப்பு அணைந்ததைக்கூடப் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது மகன். இதை வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்த மின்வெட்டுக் காலத்தை நினைத்துப் பார். படிப்பை முடித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தாய். பெட்ரோல் வரிசையில் உன் மாமா தன் பள்ளிக்கூட வேனோடு கிடந்தான். பகலில் கரண்ட் போனதும் நீ என்னைப் பிடித்து மேசைக்கு முன்னால் உட்கார வைப்பாய். "யாருக்காவது சொல்லிக் குடுத்தாத்தாம்மா எனக்கு மண்டையில ஏறும்" என்பாய். வீட்டில் வேறு யார் இருந்தார்கள், நான்தான் அகப்பட்டேன். ஏராளமான எழுத்துக்குள்ளே வேண்டியதை மட்டும் பிடித்தெடுப்பதற்கு ஒரு வாய்பாடு எழுதலாம், அதற்கு ரெஜெக்ஸ் என்று பெயர் என்று தொடங்கினாய். கூரை மாதிரி இருக்கும் குறியைப் போட்டால் தொடக்கத்தில் தேடு என்று அர்த்தம். டாலர் குறி என்றால் முடிவில் தேடு. புள்ளி வைத்தால் அந்த இடத்தில் எந்த எழுத்து வந்தாலும் ஏற்றுக்கொள். உண்மையான புள்ளியே வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒரு சாய்கோடு போட வேண்டும். "இதென்னடா, புள்ளிக்கும் மாறுவேடப் போட்டியா?" என்று நான் கேட்டேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். கேள்விக்குறி போட்டால் அதற்கு முன்னால் உள்ளது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. நட்சத்திரம் போட்டால் எத்தனை இருந்தாலும் சரி. மடிக்கணினியின் பேட்டரி சாகும்வரை பழகுவோம். அது செத்ததும் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிப் பழகுவோம்.

பிறகு அதை ஒரு விளையாட்டாக மாற்றினாய். நான் பெயர்களைச் சொல்ல வேண்டும், நீ அவற்றைப் பிடிக்கும் வாய்பாட்டை எழுத வேண்டும். பிடிபட்ட பெயர் திரையில் மஞ்சளாகும். பிடிபடாவிட்டால் எனக்கு வெற்றி. உனக்குத்தான் தெரியுமே, எனக்குத் தோற்கப் பிடிக்காது. நகரசபையில் லிகிதராக இருந்து காலம் முழுக்க ஆட்களின் பெயர்களைப் பதிந்தவள் நான். நீ முதலெழுத்து, ஒரு புள்ளி, ஒரு பெயர் என்று ஒழுங்காக எழுதிக் காட்டினாய். நான் ஒரே கணேசனை எடுத்துக்கொண்டு உன்னைத் திணறடித்தேன். எஸ். கணேசன் என்று ஒரு அரசாங்கக் கந்தோரின் பதிவேட்டில் இருப்பார். இன்னொரு கந்தோரில் வெறும் கணேசன். பிறப்புச் சான்றிதழில் சுப்பையா கணேசன். கொழும்பில் யாராவது மாற்றிப் போட்டிருந்தால் கணேசன் சுப்பையா. வேலை கொடுக்கும் இடத்தில் ராஜ், குமார் என்று ஏதாவது ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும். உன் வாய்பாட்டில் ஒருவர்தான் மஞ்சளானார். மற்றவர்கள் எல்லாம் வெள்ளையாகவே நின்றார்கள்.

"அப்ப என்னதாம்மா செய்றது?" என்று கேட்டாய். நான் சொன்னேன்: "முதலெழுத்து எதுவா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரின்னு போடு. வாலையும் அப்பிடியே விடு." நீ முதலெழுத்தின் இடத்தில் புள்ளியைப் போட்டு அதன் பின்னால் கேள்விக்குறியைப் போட்டாய். கடைசியில் ஒரு புள்ளியும் நட்சத்திரமும். திரை முழுவதும் மஞ்சளாகிவிட்டது. கையைத் தட்டினோம். நான் எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போனேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. நாற்பது பேர் வேலை செய்கிற கொழும்புக் கம்பனியில் நேர்முகத் தேர்வின்போது இதைத்தான் எழுதிக் காட்டினேன் என்று நீ வந்து சொன்னபோது பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னேன்.

இப்போது அந்த வாய்பாடு என்ன செய்கிறது என்பதையும் நீயே சொன்னாய். ஒருவரின் பெயரைக் கொடுத்தால் முதலெழுத்தையும் வாலையும் தளர்த்திவிட்டுப் பழைய பத்திரிகைப் பக்கங்களில் எல்லாம் தேடுகிறது. குற்றம், கைது என்று வரும் செய்திகளில் அந்தப் பெயர் கிடைத்தால், ஊரும் வயதும் பக்கத்தில் வந்தால், மஞ்சளாக்கிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறது.

இனி உன் மாமாவுக்கு வருகிறேன். யாரிடமும் சொல்வதில்லை என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இன்று அந்த வாக்கை மீறுகிறேன்.

மாமாவைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வேனும், அவன் கல்யாணம் கட்டாமல் நம் வீட்டுக் கீழறையில் இருப்பதும், அவனுடைய ஒரு பழக்கமும்தான். யாராவது பெயரைக் கேட்டால் "பீ. மோகன்ராஜ்" என்பான். ஒரு வினாடி விட்டு மறுபடியும் "பீ" என்பான். வேனில் போகிற பிள்ளைகள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். நீ சின்னவனாக இருந்தபோது நீயும் விருந்தாளிகளுக்கு முன்னால் அப்படி நடித்தாய். நான் கன்னத்தில் ஒன்று வைத்தேன். பெயரைச் சொன்னதற்கு எதற்கு அடி என்று நீ பல நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். காரணத்தை இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

நீ அப்போது கைக்குழந்தை. நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மாமா டவுனில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்தான். புசல்லாவையில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்திருந்தோம். தைப்பொங்கலுக்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குச் சேலை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பி வந்தான். பேராதனைக்குக் கிட்ட சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அவர்கள் தேடிக்கொண்டிருந்தது எஸ். மோகன் என்று ஒருவனை. உன் மாமாவின் அடையாள அட்டையில் இருந்தது பெருமாள் மோகன்ராஜ். அட்டையைப் பார்த்தவன் யோசித்தானாம். "பேர் முழுசாச் சேரல்லியே" என்றானாம். பக்கத்தில் நின்றவன் எட்டிப் பார்த்துவிட்டு, "மோகன் இருக்குதானே. எதுக்கும் ஏத்து" என்றானாம். மாமாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அதனால் இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் ஏறியிருக்கிறான்.

அந்த வாரமே ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் செய்தி வந்தது. கண்டிக்கு அருகே எஸ். மோகன் கைது, வெடிபொருள் தொடர்பில் தேடப்பட்டவர் என்று. பிடித்த ஆளின் பெயரைப் போடவில்லை, தேடிய ஆளின் பெயரைத்தான் போட்டார்கள். வயதை மட்டும் உன் மாமாவிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்தச் செய்தி எனக்கு இன்றும் மனப்பாடம். உன் அப்பா அந்தத் தாளை அடுப்பில் போட்டார். புசல்லாவையில் இருந்து சேலை திரும்பி வந்தது.

உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாமாவின் பிறப்புச் சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, நான் ஏறாத படி இல்லை. "நாங்க பிடிக்கிறவங்கதான், விசாரிக்கிறவங்க வேற" என்றார்கள். விசாரிக்கிற இடத்துக்குப் போனால், "எங்களுக்கு வந்த பேரத்தானே நாங்க விசாரிக்க ஏலும்" என்றார்கள். யாரும் என்னிடம் கத்தவில்லை. கதிரை போட்டுக்கூட உட்கார வைத்தார்கள். கடைசியில் ஒரு அதிகாரி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சான்றிதழில் எங்கள் அப்பாவின் பெயரை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். "பெருமாளா? அப்ப பீதானே வரணும். எஸ் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு மனிதர் கிடைக்கும்வரை உன் மாமா உள்ளே இருந்தான். தீபாவளி கழிந்துதான் வீட்டுக்கு வந்தான். விட்டுவிட்டார்கள் என்ற செய்தியை எந்தப் பத்திரிகையும் போடவில்லை.

உள்ளே என்ன நடந்தது என்று அவன் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. வந்த அன்று உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "மருமகனுக்கு மட்டும் சொல்லிராதக்கா. பய வளந்து என்னைய அந்தக் கண்ணோட பாக்கக்கூடாது" என்றான். வேறெதுவும் கேட்கவில்லை. மறு வருஷம் அதே மடியில் வைத்துத்தான் உனக்குக் காது குத்தினோம்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். அவனை வெளியே கொண்டுவந்தது ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்தைத்தான் எதுவாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று நான் உன்னிடம் சொன்னேன். நானே சொன்னேன் மகன். சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அலைந்த அதே நான், விளையாட்டில் ஜெயிக்கிற அவசரத்தில், மேசைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னேன். அன்றைக்கு மாமாவின் நினைப்பே எனக்கு வரவில்லை. அது எப்படி வராமல் போனது என்று கேட்டுக் கேட்டு இந்த ஒரு வாரமாக என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

முந்தாநாள் மத்தியானம் நல்ல மழை. மாமா பிள்ளைகளை ஏற்றப் போயிருந்தான். நான் இந்தக் கணினியைத் திறந்து நாம் பழகிய பக்கத்துக்குப் போனேன். நீ சொல்லிக் கொடுத்த மாதிரியே மாமாவின் பெயரை எடுத்து, முதலெழுத்து இருந்த இடத்தில் புள்ளியும் கேள்விக்குறியும் வைத்து, ராஜ் என்ற வாலை எடுத்துவிட்டுப் புள்ளியும் நட்சத்திரமும் போட்டேன். கீழே அந்தப் பத்திரிகைச் செய்தியை நினைவிலிருந்து தட்டினேன். கடைசி எழுத்தைத் தட்டி முடிப்பதற்கு முன்பே அது மஞ்சளாகிவிட்டது. எங்கேயாவது பிழை விட்டிருப்பேன் என்று அழித்துவிட்டு மறுபடியும் தட்டினேன். மறுபடியும் அதே மஞ்சள். ஊர் கண்டி, வயது அந்த வருஷம் அவனுக்கு இருந்த வயது. உன் இயந்திரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளைக் கொண்டுபோகிற வேன், ஓட்டுகிறவன் யாரென்று பார்க்க வேண்டாமா என்பாய். பார்க்கத்தான் வேண்டும். உன்னையே யாருடைய வேனில் ஏற்றுவது என்று நான் எத்தனை பேரை விசாரித்திருக்கிறேன். தவறாக மஞ்சளாகிவிட்டால் பிறகு கழித்துக்கொள்ளலாம் என்றும் சொல்வாய். கழிக்கும்வரை அந்த மனிதன் எங்கே போய் நிற்பான்? நாங்கள் அடையாளம்தான் போடுகிறோம், முடிவு எடுப்பது பள்ளிக்கூடம் என்பாய். அந்தக் கந்தோர்களில் கதிரை போட்டு உட்கார வைத்து என்னிடம் சொன்னதும் இதுதான். உன் வாயால் அதைக் கேட்க வேண்டி வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மாமாவின் பெயரை மட்டும் ரகசியமாக எடுத்துவிடலாம் என்று உனக்குத் தோன்றும். அப்படிச் செய்தால் என் முகத்தில் விழிக்காதே. கண்டியிலும் மாத்தளையிலும் எத்தனை மோகன், எத்தனை கணேசன், எத்தனை செல்வராஜ் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் கம்பனியில் மருமகன் இல்லை. முதலெழுத்தைத் திரும்பப் போடு. எழுத்து வேறாக இருந்தால் ஆள் வேறு என்று வை. அடையாள அட்டை இலக்கமும் பிறந்த தேதியும் சேராமல் எந்தப் பெயரையும் மஞ்சளாக்காதே. அப்போது சிலர் பிடிபடாமல் போவார்கள்தான், எனக்கும் தெரியும், உன்னை அப்படித்தானே நான் தோற்கடித்தேன். திங்கட்கிழமைக்குள் மாற்ற முடியாது என்று உன் மேலதிகாரி சொன்னால், திங்கட்கிழமை ஓட்ட முடியாது என்று நீ சொல். வேலை போகும் என்றால் போகட்டும், வீட்டுக்கு வா. சும்மா வாய்க்காகச் சொல்லவில்லை.

மாமாவுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டைப் பிரதி கேட்டபோது முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன் அவன்தான். "நம்ம மருமகன் கம்பனிதான் பாக்குது" என்று மற்ற வேன்காரர்களிடம் பெருமை பேசினான். அவனுக்கு அடுத்ததாக வேன் நிறுத்துகிற அக்குறணை நானா ஒருநாள், "மோகன் தம்பி, பழைய பேப்பரெல்லாம் தேடிப் பாக்குமாம் அந்த மெஷின்" என்று சும்மா பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டான். கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு உன் பெயரைச் சொல்லிப் பெருமை பேசவும் இல்லை.

இன்று காலையில் முற்றத்தில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். ஓட்டுகிற ஆசனத்துக்குப் பின்னால் ஒரு பை இருந்தது. திறந்து பார்த்தேன். ஒரு துவாய், சவர்க்காரம், மாற்றிக் கட்ட ஒரு சாரம், பிரஷருக்கு அவன் போடுகிற குளிசை, எங்கள் அப்பாவின் பெயர் உள்ள அந்தச் சான்றிதழ். "எங்கேயாவது போறியா?" என்று கேட்டேன். டயரைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

"இல்லக்கா. போன தடவ ஒன்னுமே எடுக்காமப் போயிட்டேன்ல."

அம்மா